கல்லூரி உதவித்தொகை: பிளஸ் டூ பிள்ளைகளோடு நாம் உட்கார வேண்டிய சில மாலைகள்

(நமது சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார். எனக்கு அடுத்து லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதற்குத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தினமும் காலையில் நம் கேட்டுக்குள் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். சமையல் செய்பவர், பாத்திரம் தேய்ப்பவர், காவலாளிகள், கார் துடைப்பவர், வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுபவர். இவர்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை 7 பேர். நம் குடியிருப்புகளிலேயே 11 பேர் எழுதுகிறார்கள். இந்த 18 பேரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"கல்லூரிக்குப் பணம் எங்கே சார் போறது?" என்று அவர்களில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார். பணம் பெருமளவுக்கு இருக்கிறது. அரசு பட்ஜெட்டில் ஒதுக்கி, இந்தப் பிள்ளைகள் பெயரிலேயே வைத்திருக்கிறது. அது கைக்கு வராமல் போவது பெரும்பாலும் ஒரு சான்றிதழ் இல்லாததால், ஒரு எழுத்து மாறியிருப்பதால், ஒரு வங்கிக் கணக்கு சரியாக இணைக்கப்படாததால். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். ஊரே அந்த வாரத்தில்தான் இ-சேவை மையத்தில் நிற்கும். ஆனால் மார்ச் கடைசியில் தேர்வு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பிள்ளைகள் சும்மா இருக்கும் மாதம் அது. அந்த மாதத்தை நாம் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு மார்க் எதிர்பார்க்கிறாய்?" என்பதல்ல. "ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளியில் படித்தாய்?" என்பதுதான்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. முன்பு திருமண உதவியாகத் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்களே, அந்தத் திட்டத்தைத்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலேயே உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். என்னைக் கேட்டால் நல்ல மாற்றம். கல்லூரியில் படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு இதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் முதல் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண்களுக்கு அது 2024 டிசம்பர் இறுதியில்தான் விரிவாக்கப்பட்டது. மூன்று வருடப் பட்டப்படிப்புக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். ஆனால் தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. "வேலைக்குப் போய்க்கிட்டே கரஸ்ல படிச்சுக்கறேன்" என்று சொல்லும் பெண்ணுக்கு இந்த ஒரு வரியை எடுத்துச் சொல்லுங்கள்.

அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனைதான் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும். 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. "இன்ஜினியரிங் எல்லாம் நமக்கு எதுக்கு" என்று அந்தக் காவலாளி அண்ணன் சொல்வது கட்டணத்துக்குப் பயந்து. அந்தக் கட்டணம் அவர் கட்ட வேண்டியதே இல்லாமல் இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில பெற்றோர் வயிற்றைக் கட்டி, ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் போட்டிருப்பார்கள். பிறகு கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருப்பார்கள். அந்த இரண்டு வருட ஆசையால் மேற்சொன்னவை எல்லாம் போய்விடும். விதிவிலக்கு ஒன்று உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கும். அது பல பெற்றோருக்குத் தெரியாது. கட்டணம் கட்டிப் படித்தார்களா, அந்தச் சட்டப்படி இலவச இடத்தில் படித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது வருமானம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கும் தரப்படும் கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். அப்பா காவலாளி, மாதம் 14,000. அம்மா இரண்டு வீட்டில் வேலை, மாதம் 9,000. ஆண்டுக்கு 2,76,000 ஆகிவிட்டது. வரம்பைத் தாண்டியாயிற்று. இந்த இடத்தில் மனம் விட்டு, "நமக்கு எதுவும் கிடைக்காதாம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், 7.5 சதவீதம், முதல் பட்டதாரி சலுகை ஆகிய நான்குக்கும் வருமான வரம்பே கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

சம்பளம் பற்றி நம்மிடம் கடிதம் கேட்பார்கள். கொடுங்கள். உண்மையான தொகையை எழுதிக் கொடுங்கள். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க அம்மா" என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் அந்தப் பிள்ளைக்குத்தான் தலைவலி என்று எடுத்துச் சொல்லுங்கள். சிலர் கடிதமே தர மாட்டேன் என்கிறார்கள், பி.எஃப். கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயம் போலிருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கான கடிதத்தால் அப்படி எதுவும் வராது.

முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருமே பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து தொழிற்கல்விக்குப் போகும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. ஒரு வீட்டில் ஒருவருக்கே. அக்கா ஏற்கெனவே இதில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இன்னொரு முக்கியமான நிபந்தனை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். இதற்கு மீண்டும் வருகிறேன்.

இனி காகிதங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று விண்ணப்பம் மேலே போகும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். தம்பிக்குப் போன வருடம் எடுத்ததை அக்காவுக்கு வைத்துக் கொடுக்க முடியாது. சாதிச் சான்றிதழ் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா பெயரில் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருப்பார்கள், அது ஆகாது. நம்மிடம் வேலை செய்பவர்களில் பலருக்கு ரேஷன் கார்டு விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ இருக்கும், குடியிருப்பது இங்கே. எந்த ஊர் அலுவலகம் விசாரித்துத் தரும் என்பதிலேயே இரண்டு வாரம் போய்விடும். ஊருக்கு ஒரு முறை போய்வர வேண்டியிருந்தால் அதற்கு இரண்டு நாள் லீவு கொடுங்கள். சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். நாம் செய்யக்கூடிய மிகச் சுலபமான உதவி அதுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை பெயர். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். உதாரணத்துக்கு ஒரு பெண். மார்க் ஷீட்டில் "கவிதா எம்". ஆதாரில் "கவிதா முருகன்". வங்கிப் புத்தகத்தில் "எம் கவிதா". அப்பா பெயர் டி.சி.யில் முருகேசன், ரேஷன் கார்டில் முருகன். நமக்கு இது எல்லாம் ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள், இரண்டு அப்பாக்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அது தனிக் கதை.

எதை அடிப்படையாக வைப்பது? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை. அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம், எதிர்காலத்தில் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கேட்கப்போவதும் அதைத்தான். அதில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கின்றனவோ, அதன்படி ஆதாரைத் திருத்த வேண்டும். ஆதார் சரியான பிறகு வங்கிக் கணக்கு. அதன் பிறகுதான் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும். 15 வயதில் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் பலர் வீட்டில் விட்டுப்போயிருக்கும். அதையும் அப்போதே முடித்துவிடலாம்.

வங்கிக் கணக்குக்கு வருகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேச அனுமதி கேட்கிறேன். "என் அக்கவுன்ட்ல ஆதார் லிங்க் ஆயிருக்கு சார்" என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்கு இதுதான் என்று என்.பி.சி.ஐ. பதிவேட்டில் ஏற்றுவது இன்னொன்று. உதவித்தொகை இரண்டாவது பதிவைப் பார்த்துத்தான் வரும். ஓர் ஆதார் எண்ணுக்கு அங்கே ஒரே ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக எதைப் பதிந்தார்களோ அது. பள்ளியில் ஒரு கணக்கு திறந்திருப்பார்கள். பிறகு தெருமுனையில் யாரோ மேசை போட்டு, மொபைலிலேயே இன்னொரு கணக்கு திறந்து தந்திருப்பார்கள். பணம் அந்த இரண்டாவது கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் வரல" என்று பிள்ளை அழும். எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே ஓடிபி போட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாற்ற வேண்டுமானால் தனக்கு வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய், இந்தக் கணக்கை அரசு மானியம் பெறும் கணக்காகப் பதிய வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயது ஆனதும் மைனர் கணக்கை மாற்றி, புதிதாகக் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் போன்றவற்றை யுமிஸ் தளத்தில் கல்லூரியே பதிவு செய்யும். பள்ளியின் எமிஸ் எண்ணை மட்டும் பிள்ளை கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒற்றைச் சாளரத்துக்குத் திரும்ப வருகிறேன் என்றேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் வரத் தொடங்கும். "கல்வி ஆலோசகர்" என்பார்கள். "ஸ்காலர்ஷிப் சீட் இருக்கு, இன்னைக்கே ஒரிஜினல் கொடுத்தா ஃபீஸ்ல பாதி குறைச்சுத் தர்றோம்." டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் கோட்டா. அதில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை இல்லை, 7.5 சதவீதம் இல்லை, ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகையும் இல்லை. பாதிக் கட்டணம் என்று நம்பிச் சேர்ந்த பிள்ளை, ஒரு பைசா கட்டாமல் படித்திருக்கக்கூடிய பிள்ளையாகவும் இருக்கலாம். கலந்தாய்வு முடியும்வரை மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்கக் கூடாது. கல்லூரிகள்கூட மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி.யின் விதி. இப்படி ஒரு போன் வந்தால் முதலில் நம்மில் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளையும் பொறியியல் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. நம்மில் பலர் ஒரு மாதம் வெளியில் சாப்பிடும் செலவுக்குள் ஒரு வருடக் கட்டணம் அடங்கிவிடும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் எப்படியும் கட்டணம் இல்லை.

கல்விக் கடன் பற்றிக் கேட்பீர்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரைகூட அடமானம் இல்லாமல் தரலாம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், அந்தக் காலத்து வட்டிக்கு மானியமும் உண்டு. "உங்க வீடு எங்க ஏரியாவுல வரலை" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நம்மில் ஒருவர் உடன் போய் உட்கார்ந்தாலே கிளையில் பேச்சு மாறும். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அதுதான் நிஜம். உதவித்தொகைக்கெல்லாம் முயன்ற பிறகே கடனுக்குப் போக வேண்டும்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகள் 11 பேர். "நமக்கெல்லாம் எங்கே தரப்போறான்" என்று நினைக்கிறோம். நம்மிலும் ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் இருக்கின்றன, வேலை போன குடும்பங்களும் இருக்கின்றன. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பொறியியலோ பாலிடெக்னிக்கோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். தேர்ந்தெடுப்பு தகுதி அடிப்படையில், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று, பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், வருமான வரம்பு 4.5 லட்சம். இரண்டுமே தேசிய உதவித்தொகைத் தளத்தில். கல்லூரி தொடங்கிய பிறகு திறக்கும், கல்லூரியும் சரிபார்த்து ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் நின்றுவிடும். 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு 75 சதவீத வருகையும் 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும்.

உதவும்போது எப்படி நடந்துகொள்வது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. விண்ணப்பத்தில் நம் போன் எண்ணைப் போடக் கூடாது. அவசரத்துக்கு நம் எண்ணைப் போட்டுவிட்டால் மூன்று வருடம் அந்தப் பிள்ளைக்கு வரும் ஓடிபி எல்லாம் நம் போனுக்கு வரும். நாம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்போம். பிள்ளையின் குடும்பத்து எண், பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், பாஸ்வேர்டு பிள்ளையின் நோட்டில். கீபோர்டில் கை வைப்பது பிள்ளை, நாம் பக்கத்து நாற்காலி. ஆதார் படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் "யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று போடவே கூடாது. சாதி, வருமானம் பற்றிய கேள்விகளைப் படிக்கட்டில் நின்று நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது. உதவி செய்ததை அடுத்த மாதச் சம்பள உயர்வுப் பேச்சில் எடுக்கவும் கூடாது. சிரிக்கிறீர்கள். நடக்கிறது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை எப்போதும் தாமதமாகத்தான் வரும். கல்லூரி சேர்க்கை நாளன்றே பணம் கேட்கும். அந்த இடைவெளியில்தான் காதில் இருப்பது அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது கந்துவட்டிக்காரர் வருகிறார். பராமரிப்பு நிதியைத் தொட வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் தரும் பணத்தில் தனியாக ஒரு நிதி வைத்து, பிள்ளைக்கு 10,000 ரூபாய் வரை வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுப்போம். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரட்டும். முதல் 10,000 நான் தருகிறேன். கணக்கும் நானே பார்க்கிறேன், பொருளாளர் சரிபார்க்கட்டும்.

ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி நான்கு வாரம், மாலை 4 மணி முதல் 6 மணி வரை நூலக அறையில் இருப்பேன். பி பிளாக்கில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் லேப்டாப்போடு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும், முடிந்தால் ஒருவர் பெண். பெண் பிள்ளைகள் தயங்காமல் பேசுவார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் அக்காவிடம் நாளைக் காலையே சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், அம்மா அப்பாவின் டி.சி. இருந்தால் அதுவும். ஆதாரோடு சேர்த்த போனையும் சார்ஜ் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு அலைய வேண்டாம், சங்க அலுவலக மெஷினிலேயே எடுத்துக் கொடுப்போம்.